போன் அழைப்பில் தொடங்கி அக்கவுண்ட் காலியாவது வரை: யூபிஐ மோசடிகள் பற்றிப் பேசுவோம்

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியின் கடைசி சில வருடங்களில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்கலங்கியவர்களில் பலர், போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே சேமிப்பைப் பறிகொடுத்தவர்கள். பெரும்பாலோர் பணம் போய் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வந்தார்கள். வீட்டில் சொல்ல வெட்கம், பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயம். அதற்குள் அந்தப் பணம் நாலைந்து அக்கவுண்ட் மாறி, எங்கோ ஒரு ஏடிஎம்மில் ரொக்கமாக வெளியே போயிருக்கும்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டேன் என்று வந்து சொன்னால், தயவுசெய்து திட்டாதீர்கள். எந்த அக்கவுண்ட், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை நம்மிடம் சொல்லவே மாட்டார்.

இப்போது எங்கள் பகுதியில் மறுபடியும் சுற்றுவது மின்கட்டண மெசேஜ். "உங்கள் போன மாத பில் எங்கள் கணக்கில் ஏறவில்லை. இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரு செல்போன் எண்ணோடு வரும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ரீடிங் எடுக்கிறார்கள். அதன்பிறகு கட்டுவதற்கு 20 நாள் தவணை இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு எந்த லைன்மேனும் ஃபியூஸைப் பிடுங்க வருவதில்லை. ஆனால் வீட்டில் வயதானவர் தனியாக இருக்கும்போது அந்த மெசேஜ் வந்தால் இதெல்லாம் நினைவுக்கு வராது. இரவு முழுக்க ஃபேன் ஓடாதே என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

அந்த எண்ணுக்கு அடித்தால் மிகவும் தன்மையாகப் பேசுவார்கள். "நீங்க கட்டிட்டீங்க சார், சிஸ்டத்துலதான் அப்டேட் ஆகல. ஒரு ஆப் போட்டு பத்து ரூபா மட்டும் கட்டுங்க, சரியாயிடும்." எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி திரையைப் பகிரும் ஆப்பைத்தான் போடச் சொல்வார்கள். அவை கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்காக வந்த ஆப்கள், அவற்றின் மேல் குற்றமில்லை. ஆனால் அதில் தெரியும் எண்ணை நீங்கள் அவர்களிடம் சொன்னதும் உங்கள் போன் திரை அவர்களுக்கும் தெரியத் தொடங்கும். பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் கார்டு எண்ணும், அதற்கு வரும் ஓடிபியும் அவர்கள் கண்ணில் படும். 2019-லேயே ரிசர்வ் வங்கி இந்த முறையைப் பற்றி வங்கிகளை எச்சரித்துவிட்டது. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே ஒன்று. அழைப்பு அவர்களிடமிருந்து வந்ததென்றால், பேச்சு எதுவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பிறகு நீங்களே கூப்பிடுங்கள். மின்சாரம் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. வங்கி என்றால் கார்டின் பின்பக்கமோ பாஸ்புக்கிலோ அச்சடித்திருக்கும் எண். உண்மையான விஷயமாக இருந்தால் பத்து நிமிடம் தாமதித்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. "போனை வைக்காதீங்க" என்று எவர் சொன்னாலும் அந்த நொடியே வைத்துவிடலாம்.

பனியன்கடை:

திருப்பூர்ல இருந்து எழுதறேங்க ஐயா. நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். ஒரு சந்தேகம். எங்கள் கடைத்தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முன்பின் தெரியாத ஒருவர் நம் அக்கவுண்ட்டுக்குச் சின்னத் தொகை போடுவாராம். நாம் பேலன்ஸ் பார்க்க ரகசிய பின் எண்ணைப் போட்டால் போதும், மொத்தப் பணமும் போய்விடுமாம். இதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் யூபிஐ ஆப்பையே எடுத்துவிட்டார். உண்மையா?

வைகைக்கரை:

பாதி உண்மை, பாதி பயம். 'ஜம்ப்டு டெபாசிட்' என்று பெயர் வைத்து, தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவே இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது. சின்னத் தொகையைப் போட்டுவிட்டு, உடனே பெரிய தொகை கேட்டு ஒரு கோரிக்கை அனுப்புவார்கள். பணம் வந்த அவசரத்தில் நாம் பின் தட்டினால் அந்தக் கோரிக்கைக்கு ஒப்புதல் கொடுத்ததாகிவிடும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

பிறகு யூபிஐயை நடத்தும் என்பிசிஐ ஒரு விளக்கம் கொடுத்தது. ஆப்பைத் திறப்பதாலோ பேலன்ஸ் பார்ப்பதாலோ எந்தக் கோரிக்கைக்கும் தானாக ஒப்புதல் போய்விடாது. கோரிக்கையைத் திறந்து, 'பே' அழுத்தி, அதற்குத் தனியாகப் பின் போட்டால்தான் பணம் போகும். பின் கேட்கும் பக்கத்தில் எவ்வளவு தொகை, யாருக்கு என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத் தட்டினால் போதும்.

இன்னொரு நல்ல செய்தி, தனி ஆள் இன்னொரு தனி ஆளிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட்' கோரிக்கையையே 2025 அக்டோபர் 1 முதல் என்பிசிஐ நிறுத்திவிட்டது. கடைகளும் நிறுவனங்களும் அனுப்பும் கோரிக்கை மட்டும் இன்னும் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கடைக்காரரிடம் ஆப்பை மறுபடியும் போடச் சொல்லுங்கள். பயந்து ஒதுங்கினால் அவருக்குத்தான் வியாபார நஷ்டம்.

மாடிவீடு:

என் தங்கை பழைய பீரோவை விற்க இணையத்தில் விளம்பரம் போட்டாள். அரை மணி நேரத்தில் ஒருவர் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், ஊர் மாறி வருகிறாராம், பீரோவை நேரில் பார்க்கக்கூட வேண்டாமாம். பேரம் பேசவே இல்லை. "க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் உங்களுக்கு ஏறிவிடும்" என்றார். நல்லவேளை, அவள் என்னைக் கேட்டாள். பேரம் பேசாமல் பழைய பீரோ வாங்குகிறவர் யார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

வைகைக்கரை:

சரியாகக் கேட்டீர்கள் அம்மா. க்யூஆரை ஸ்கேன் செய்வதும் பின் போடுவதும் பணம் கொடுக்கிறவர் செய்யும் வேலை. வாங்குகிறவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பணம் தானாக வந்து விழும். இதை மட்டும் வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டால் யூபிஐ ஏமாற்றுகளில் பெரிய பகுதி அடிபட்டுப் போகும்.

ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது சின்னத் தொகைகளுக்கு யூபிஐ லைட்டில் பின்னே கேட்காது. சில ஆப்களில் பின்னுக்குப் பதில் கைரேகையும் முகமும் வந்துவிட்டன. ஆகவே "பின் சொல்லாதீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "யாராவது சொல்லிக்கொடுக்கக் கொடுக்கப் பணம் அனுப்பும் பக்கத்தில் விரல் வைக்காதீர்கள்" என்றும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

கோடம்பாக்கம்_கணினி:

மென்பொருள் வேலையில் இருக்கிறேன். மேலே பேசிய எல்லாவற்றிலும் ஏமாறுகிறவர் தன் கையால் ஏதோ ஒன்றை அழுத்துகிறார். அவர் பணம் அனுப்பும் பக்கத்தில் ஒன்றுமே அழுத்தாமல் பணம் போகும் வகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான்.

வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். பெயரைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை போல இருக்கும். அல்லது உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் என்று இருக்கும், பிஎம் கிசான் பட்டியல் என்று இருக்கும், வங்கியின் ரிவார்ட் பாயின்ட் இன்றோடு காலாவதி என்று இருக்கும். அனுப்பியவர் பல நேரம் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார். அவருடைய வாட்ஸ்அப்பை முதலில் பிடித்துவிட்டு, அதிலுள்ள குரூப்களுக்கெல்லாம் அனுப்புவதுதான் இவர்களின் வழி. ஊர்க்காரர் குரூப்பில் வந்ததாயிற்றே என்று நாமும் திறந்துவிடுகிறோம்.

கோப்பின் பெயர் முடியும் இடத்தைப் பாருங்கள். 'ஏபிகே' என்று முடிந்தால் அது பத்திரிகையும் இல்லை, அபராத ரசீதும் இல்லை. அது ஓர் ஆப். தட்டினால் போனே ஒருமுறை தடுக்கும், தெரியாத இடத்திலிருந்து ஆப் போட அனுமதிக்கவா என்று கேட்கும். அங்கே 'சரி' என்றதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், அதன்பிறகு உங்களுக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் சத்தமில்லாமல் அவர்களுக்கும் போகும். ஆப்பின் சின்னம் திரையிலிருந்து மறைந்துவிடும். நீங்கள் 'ஒன்றும் திறக்கவில்லை போலிருக்கிறது' என்று விட்டுவிடுவீர்கள். விடிந்து பார்த்தால் அக்கவுண்ட்டில் பணம் இருக்காது.

அப்படி ஒன்றைத் தட்டிவிட்டீர்கள் என்றால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். சிம்மைக் கழற்றி வேறு சாதாரண போனில் போடுங்கள். அந்த வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசி நெட்பேங்கிங், யூபிஐ, கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. அதெல்லாம் முடிந்த பிறகு, படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல ஆக்குங்கள். ஆப்பை நீக்கினால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அது வேறு எதையெல்லாம் உள்ளே இறக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று. கூரியர்காரர், இன்டர்நெட் கம்பெனி என்று சொல்லி, நட்சத்திரக் குறி போட்டு 21 அல்லது 401 என்று தொடங்கும் ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். அது உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. போனில் குரலாக வரும் ஓடிபி அங்கே போய்விடும்.

தஞ்சை_மகள்:

எங்கள் தெருவில் நடந்ததை எழுதுகிறேன். பெயர், ஊர் விவரம் வேண்டாம். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். விண்ணப்பம் எழுத, பத்திரம் படிக்க அவரிடம்தான் போவோம்.

அவருக்கு ஒருநாள் காலை அழைப்பு வந்திருக்கிறது. உங்கள் ஆதாரை வைத்து வாங்கிய சிம்மிலிருந்து குற்றம் நடந்திருக்கிறது, மும்பையில் வழக்குப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகு வீடியோ கால். சீருடை போட்ட ஒருவர், பின்னால் சின்னம், மேசையில் கோப்புகள். உச்ச நீதிமன்ற முத்திரையோடு ஒரு உத்தரவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் அவர்களும் உள்ளே போவார்கள்." தூங்கும்போதும் போனை எதிரே வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். பால்காரர் கதவைத் தட்டியபோது உடம்பு சரியில்லை என்று உள்ளிருந்தே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வங்கிக்குப் போய் பிக்சட் டெபாசிட்டை உடைத்தார். கிளையில் இருந்த பெண் இரண்டு முறை கேட்டிருக்கிறார், எதற்கு ஐயா இவ்வளவு அவசரம் என்று. பேத்தி படிப்புக்கு என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியே சொல்லியிருக்கிறார். சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டே இருந்ததாம். விசாரணை முடிந்ததும் பணம் திரும்ப வரும் என்று நம்பி அனுப்பிவிட்டார்.

அவர் அறிவில்லாதவர் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது வெளியே வருவதே இல்லை. பணத்தைவிட அதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நெல்லைச்சீமை:

படித்தவர்களே இப்படிப் பேராசையிலும் பயத்திலும் விழுந்தால் யார் என்ன செய்ய முடியும்? கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்குமே.

தஞ்சை_மகள்:

பேராசை எங்கே இருக்கிறது சார்? அவர் ஒரு ரூபாய் லாபம் எதிர்பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவர், சட்டத்தின் பெயரைச் சொன்னதும் கட்டுப்பட்டுவிட்டார். யோசிக்கக் கூடாது என்பதற்காகத்தானே அவர்கள் போனை வைக்க விடவே இல்லை.

வைகைக்கரை:

தங்கை சொல்வதுதான் சரி. நெல்லைச்சீமை நண்பரே, கோபத்தில் எழுதவில்லை, ஆனால் இந்தப் பேச்சுதான் ஆட்களைப் புகார் கொடுக்க விடாமல் தடுக்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 2024-ல் மட்டும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய். முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கு. இத்தனை பேரும் யோசிக்கத் தெரியாதவர்களா?

டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். போலீஸோ சிபிஐயோ அமலாக்கத் துறையோ வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது, 'சரிபார்ப்பதற்காக' என்று பணத்தை வேறு அக்கவுண்ட்டுக்கு மாற்றச் சொல்லவும் முடியாது. 2025-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, டிசம்பரில் சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு தயாரிக்கிறார்கள் என்பதும் அவர்கள் கவனத்துக்குப் போன விஷயம்.

வங்கி ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வயதானவர் தனியாக வந்து டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்து, அதுவரை ஒருமுறைகூடப் பணம் அனுப்பாத ஓர் அக்கவுண்ட்டுக்கு மொத்தத்தையும் ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை உடனே அனுப்பும் முறை) செய்யச் சொன்னால், எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கான பதிலை அவருக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தனி அறைக்கு அழைத்துப் போய், போனை மேசையில் வைக்கச் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: "யாராவது உங்களை மிரட்டுகிறார்களா?" காதால் கேட்கிறவனுக்கு அது தெரியாது.

மாடிவீடு:

1930-க்கு அடித்தால் என்னதான் நடக்கும்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதைவிட அது மேலா?

வைகைக்கரை:

முதல் ஒரு மணி நேரத்துக்கு அதுதான் மேல். 1930 உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவு நடத்தும் அமைப்போடு இணைந்தது. 2021-ல் வந்தது, அப்போது எண் 155260, பிறகு 1930 ஆனது. நீங்கள் சொல்லும் விவரத்தை அவர்கள் கணினியில் ஏற்றியதும் அது உங்கள் வங்கிக்கும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் போகும். அந்த அக்கவுண்ட்டில் பணம் இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போயிருந்தால் புகார் அதன் பின்னால் அடுத்த வங்கிக்குப் போகும். பணம் ஓடுகிற வேகத்துக்குப் புகாரும் ஓட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேஷனில் எழுத்து மூலம் மனு கொடுத்து, அவர்கள் வங்கிக்குக் கடிதம் எழுதி, அது வந்து சேர்வதற்குள் பணம் வெளியே போய்விடும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: உங்கள் அக்கவுண்ட் எண், பணம் போன நேரம், தொகை, ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யூடிஆர் எண். லைன் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் நேராகப் பதிவு செய்யலாம். ஒப்புகை எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் வங்கிக்கும் தனியாகத் தெரிவியுங்கள். பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். நிறுத்திவைத்த பணம் திரும்பக் கிடைக்கச் சில நேரம் நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அதற்கு அந்த ஒப்புகைதான் ஆதாரம்.

கோடம்பாக்கம்_கணினி:

ஓர் எச்சரிக்கை இங்கே சேர்க்க வேண்டும். பணத்தை இழந்தவர்களைக் குறிவைத்தே இரண்டாவது கூட்டம் வருகிறது. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஐந்து சதவீதம் முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். சமூக ஊடகத்தில் புலம்பி எழுதினால் கீழே பதில் போட்டு வருவார்கள். 1930-ல் புகார் செய்யக் கட்டணம் கிடையாது.

பனியன்கடை:

இதே விஷயத்தில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்ங்க. எங்கள் கடைக்கு ஒருவர் வந்தார், டீ ஷர்ட் வாங்கினார், க்யூஆரில் பணம் போட்டார், போனார். கொஞ்ச நாளில் என் கரண்ட் அக்கவுண்ட்டில் பணம் எடுக்க முடியவில்லை. வங்கியில் கேட்டால், வேறொரு மாநிலத்து சைபர் போலீஸ் புகாரில் உங்கள் அக்கவுண்ட் வந்திருக்கிறது என்றார்கள். எவரோ ஒருவரிடம் திருடிய பணம் நாலு கை தாண்டி என் கடைக்கு வந்திருக்கிறது. நூல் கம்பெனிக்குக் கொடுத்த செக் திரும்பியது. தையல்காரர்களுக்கு வாரக் கூலி கொடுக்கக் கைமாற்று வாங்கினேன்.

பில், ஜிஎஸ்டி ரசீது, கடையின் கேமரா பதிவு எல்லாவற்றையும் அந்த மாநில போலீஸுக்கு மெயிலில் அனுப்பி, திரும்பத் திரும்பப் பேசி, கடைசியில் சிக்கலான அந்தத் தொகையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மற்றதை விட்டார்கள். வியாபாரிகள் எல்லோரும் சின்னத் தொகைக்கும் பில் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பில் இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம், கூட்டமான நேரத்தில் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள். பணம் போனதுபோலவே பச்சை டிக்கோடு காட்டும் போலி ஆப்கள் வந்துவிட்டன. ஸ்பீக்கர் பெட்டி சொல்ல வேண்டும், அல்லது நம் ஆப்பில் வரவு தெரிய வேண்டும். வாடிக்கையாளர் போனைப் பார்த்து நாங்கள் சரக்கு கொடுப்பதில்லை என்று கடையில் எழுதியே வைத்துவிட்டேன்.

நெல்லைச்சீமை:

நான் முன்பு எழுதியதைப் படித்துத் தங்கை வருத்தப்பட்டிருந்தால் மன்னிக்கவும். ஒரு கேள்வி. போன பணத்தை வங்கியே கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பதாகச் சொல்கிறார்களே?

வைகைக்கரை:

இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி கொடுத்த உத்தரவு அது. உங்கள் பங்கு எதுவுமே இல்லாமல், வங்கியின் பக்கமும் குறை இல்லாமல், நடுவில் எங்கோ நடந்த தவறால் பணம் போயிருந்து, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் தெரிவித்துவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாள் வரை என்றால் ஒரு வரம்புக்கு உட்பட்டு நீங்களும் ஏற்க வேண்டும். குறை வங்கியுடையது என்றால் நீங்கள் தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும் பொறுப்பு வங்கியுடையதுதான்.

சிக்கல் எங்கே என்றால், நாமே ஓடிபியையோ பின்னையோ கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போன பணம் நம் தலையில். தெரிவித்த பிறகு போனது வங்கியின் பொறுப்பு. இழந்தது கையை விட்டுப் போனாலும் உடனே சொல்லுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான், பாக்கி இருப்பதாவது காப்பாற்றப்படும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்றும் அதே உத்தரவில் இருக்கிறது. கவுன்ட்டரில் வாய்மொழியாக "நீங்கதானே சார் ஓடிபி கொடுத்தீங்க" என்று அனுப்பிவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். செலவு கிடையாது, வக்கீல் வேண்டாம்.

கோடம்பாக்கம்_கணினி:

பெற்றோர் போனில் செய்து வைக்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் எழுதுகிறேன். ஓய்வூதியமும் டெபாசிட்டும் இருக்கும் அக்கவுண்ட்டை யூபிஐயில் சேர்க்காதீர்கள். மளிகைக்கும் மருந்துக்கும் வேண்டிய பணம் மட்டும் இருக்கும் இன்னொரு சேமிப்புக் கணக்கைச் சேருங்கள். அதில் தினசரி வரம்பையும் குறைத்து வையுங்கள். எது நடந்தாலும் போவது அந்த அளவுதான். மற்ற எந்தப் பாதுகாப்பையும்விட இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் இதற்கு அவர்கள் அந்த நேரத்தில் எதையும் யோசிக்கவோ ஞாபகம் வைக்கவோ வேண்டாம்.

உதவியாக இன்னும் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2025 ஜூன் கடைசியிலிருந்து, பணம் பெறுகிறவரின் பெயர் வங்கியில் பதிவானபடியே ஆப்பில் காட்ட வேண்டும் என்று விதி. 'மின்வாரியம்' என்று பேசியவருக்கு ஒரு தனி மனிதர் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வங்கிகளின் இணையதள முகவரிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி ரிசர்வ் வங்கி மாற்றச் சொல்லிவிட்டது. வங்கியிலிருந்து வரும் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து "வங்கி மேனேஜர் பேசறேன்" என்றால் நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

வண்ணாரப்பேட்டை:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் தம்பி கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். சீனியர் ஒருவர் அவனிடம், "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் சேர்த்துக் கொடு, கிரிப்டோ வியாபாரத்துக்கு வேண்டும், மாதம் ஐந்தாயிரம் தருகிறேன்" என்று கேட்டிருக்கிறாராம். இவன் கார்டையும் பாஸ்புக்கையும் கொடுத்துவிட்டான். நேற்று பெரிய தொகை ஒன்று ஏறியிருக்கிறது. பயந்துபோய் இன்று என்னிடம் சொன்னான். அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

வைகைக்கரை:

அம்மா, அனுப்பக் கூடாது. யார் கேட்டாலும், சீனியர் கேட்டாலும், மிரட்டினாலும், அந்தப் பணத்தில் ஒரு ரூபாயை எடுக்கவும் வேண்டாம், எங்கும் மாற்றவும் வேண்டாம். அது இந்த இழையில் நாம் பேசிய யாரோ ஒருவருடைய பணமாக இருக்கலாம். 'மியூல்' அக்கவுண்ட் என்று போலீஸ் சொல்வது இதைத்தான். போலீஸ் தேடி வரும்போது முதலில் கிடைப்பது உங்கள் தம்பியின் பெயரும் ஆதாரும்தான், அந்தச் சீனியரின் பெயர் எங்கேயும் இருக்காது.

இப்போதே அவனை வங்கியின் எண்ணுக்குப் பேசி கார்டை முடக்கி, அக்கவுண்ட்டில் பற்று எதுவும் நடக்காதபடி நிறுத்தச் சொல்லச் சொல்லுங்கள். நாளைக் காலை கிளைக்கு நேரில் போய் நடந்ததை எழுதிக் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கட்டும். அந்தச் சீனியரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டும். அங்கிருந்து நேராக கோவை சைபர் கிரைம் காவல் நிலையம். தனியாகப் போக வேண்டாம், நீங்களோ அப்பாவோ கூடப் போங்கள். முடிந்தால் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேடி வருவதற்கு முன்னால் இவனாகப் போய்ச் சொல்வதற்கும், பிடிபட்ட பிறகு சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

வண்ணாரப்பேட்டை:

கார்டை முடக்கிவிட்டான் ஐயா, அக்கவுண்ட்டையும் நிறுத்திவிட்டார்களாம். அப்பாவும் நானும் இன்று இரவு ரயிலில் கோவை கிளம்புகிறோம்.

பனியன்கடை:

கோவையில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார்ங்க, என் அக்கவுண்ட் விஷயத்தில் உதவியவர். தனிச்செய்தியில் எண்ணை அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.